பழைய திகில் படத்தைப் புதிதாகப் பார்ப்பது எப்படி?

1980-களில் தேனிப் பக்கம் வளர்ந்தவர் என்றால் ‘நூறாவது நாள்’ படத்தை நீங்கள் இரண்டில் ஒரு விதமாகப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, கொட்டகையில். இல்லையென்றால் கல்யாண வீட்டிலோ திருவிழாவிலோ டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஓட்டும்போது, மூன்றாவது படமாக, பாதித் தூக்கத்தில்.

நான் பார்த்தது இரண்டாவது விதம். சின்னமனூரில் உறவினர் வீட்டுத் திண்ணையில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். சத்யராஜ் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியும் சிவப்புக் கோட்டுமாக வந்து நின்றார். அந்தச் சிவப்பு கோட்டுக்குள் நிற்கவில்லை; தோளைத் தாண்டி, பின்னால் இருந்த சுவர் வரைக்கும் வழிந்தது. ரத்தம் கசிவதுபோல அப்படிப் படம் எடுத்திருக்கிறார்கள் என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அது கேசட்டின் கோளாறு என்பது பின்னால்தான் தெரிந்தது. வீடியோ கேசட்டில் நிறத்துக்கு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. அதிலும் சிவப்புதான் முதலில் எல்லை தாண்டிப் பரவும்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட கோளாறு நீங்கிய படங்களைப் பற்றித்தான். பழைய திகில் படங்களைப் பழுது நீக்கிப் புதிய ப்ளூ-ரே, 4கே தட்டுகளில் (டிஸ்குகளில்) வெளியிடுகிறார்கள். அவற்றை ஏன் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும், வீட்டில் எப்படிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சினிமாத் தொழில்நுட்பம் எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எந்தப் படத்தை எடுத்துக்கொள்வது? இத்தாலியில் 1977-ல் வந்த ‘செத்தே நோத்தே இன் நேரோ’ என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். ‘கறுப்பில் ஏழு சுரங்கள்’ என்று பொருள். இயக்கியவர் லூச்சோ ஃபுல்சி. ஆங்கிலத்தில் ‘தி சைக்கிக்’ என்ற பெயரில் ஓடியது. நாயகிக்கு திடீர் திடீரென்று காட்சிகள் மனதில் தோன்றும். ஒரு கிழவியின் பிணம், உடைந்த கண்ணாடி, சிவப்பு விளக்கு, சாம்பல் கிண்ணத்தில் ஒரு சிகரெட், நொண்டி நடக்கும் ஒரு ஆள், கட்டப்படும் ஒரு சுவர். கணவனின் பழைய மாளிகையைச் சீர் செய்யப் போனவள், மனதில் கண்ட சுவரை அங்கே நேரில் காண்கிறாள். உடைக்கிறாள். உள்ளே எலும்புக்கூடு. இதற்குமேல் சொன்னால் படம் கெட்டுவிடும்.

படித்ததும் ‘இது நம்ம நூறாவது நாள் ஆச்சே’ என்று தோன்றுகிறதா? சரிதான். 1984 பிப்ரவரியில் மணிவண்ணன் இயக்கத்தில் விஜயகாந்த், மோகன், நளினி நடித்து வந்த அந்தப் படம் இந்த இத்தாலியப் படத்தின் கருவிலிருந்து பிறந்ததுதான். அதே கதை 1991-ல் மாதுரி தீட்சித், ஜாக்கி ஷெராப் நடிக்க ‘100 டேஸ்’ என்று இந்திக்கும் போனது.

இத்தாலிக்கும் நம் தேனிப் பள்ளத்தாக்குக்கும் என்ன சம்பந்தம்? நினைப்பதைவிட அதிகம். மணிவண்ணன் கோவை மாவட்டம் சூலூர்க்காரர் என்றாலும் சினிமா கற்றது நம்ம அல்லிநகரத்து பாரதிராஜாவிடம். ‘நிழல்கள்’, ‘அலைகள் ஓய்வதில்லை’ படங்களுக்குக் கதை எழுதியவர் மணிவண்ணன்தான். ‘நூறாவது நாள்’ படத்துக்கு இசை பண்ணைப்புரத்து இளையராஜா. அதற்கும் ஆறு வருடம் முன்பே, 1978-ல், இந்த மண்ணின் இரண்டு பேரும் சேர்ந்து ‘சிகப்பு ரோஜாக்கள்’ கொடுத்துவிட்டார்கள். கிராமத்துக் காதலையே எடுப்பார் என்று நினைத்த இயக்குநர், பிணங்களைப் புதைத்த மண்ணில் ரோஜாத் தோட்டம் பூத்த கதையை எடுத்தார். தமிழில் திகில் படத்துக்குப் புது முகம் கொடுத்ததில் தேனிக்குப் பெரிய பங்கு உண்டு. வைகையையும் வயலையும் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

இத்தாலியில் இந்த வகைக் கொலை மர்மப் படத்துக்கு ‘ஜால்லோ’ என்று பெயர். மஞ்சள் என்று அர்த்தம். 1929-லிருந்து மோந்ததோரி என்ற பதிப்பகம் மஞ்சள் அட்டை போட்டு வெளியிட்ட துப்பறியும் நாவல்களால் வந்த பெயர். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கிய பாக்கெட் நாவல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ‘மீட்டெடுத்த பதிப்பு’ என்று தட்டின் அட்டையில் போட்டிருக்கிறதே, அது என்ன? படப்பிடிப்பில் கேமராவுக்குள் ஓடிய பிலிம்தான் நெகடிவ் (ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த மூலச் சுருள்). அதிலிருந்து நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, கடைசியாகக் கொட்டகைக்கு வருவது பிரிண்ட். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குமே, அதே கதைதான் இங்கும். ஒவ்வொரு நகலிலும் நுணுக்கம் கொஞ்சம் போகும். இருட்டுக்குள் இருக்கும் நுணுக்கம்தான் முதலில் போகும்.

மீட்டெடுப்பவர்கள் பின்னோக்கிப் போகிறார்கள். மூல நெகடிவ் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். கிடைத்தால் கையால் ஓட்டிப் பார்த்து, கிழிசலை ஒட்டி, தூசி துடைத்து, ஒவ்வொரு சட்டத்தையும் (பிலிமில் இருக்கும் ஒற்றைப் படத்தையும்) ஸ்கேன் செய்கிறார்கள். ஒரு நொடிக்கு 24 சட்டம். இரண்டு மணி நேரப் படம் என்றால் 1,72,800 சட்டங்கள். பிறகு கணினியில் கீறல், கறை, ஆட்டம் எல்லாவற்றையும் நீக்கி, நிறத்தைச் சரிசெய்து, ஒலியைச் சுத்தம் செய்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை. வண்டியை வாட்டர் வாஷ் விடுவதுபோல ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை.

நெகடிவ் கிடைக்கவில்லை என்றால்? கிடைத்ததில் நல்ல பிரிண்டை வைத்துச் செய்ய வேண்டியதுதான். அரவிந்தனின் மலையாளப் படம் ‘தம்ப்’ (1978) அப்படித்தான் மீண்டது. மூல நெகடிவ் இல்லாத நிலையில், புனே ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதியை வைத்து பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் அதைச் செய்தது. வேலை நடந்த இடங்களில் ஒன்று சென்னை பிரசாத் நிறுவனம். இன்னொன்று இத்தாலியின் பொலோனா நகரத்தில் உள்ள லிமாஜினே ரித்ரோவாதா ஆய்வகம். 2022-ல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உதயசங்கர் எடுத்த ‘கல்பனா’வும் (1948) அதே பொலோனாவில்தான் உயிர் பெற்றது. பழைய படத்தைக் காப்பாற்றுவதில் இன்றைக்கு உலகமே எட்டிப் பார்க்கும் ஊர் அது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பையன்கள் எல்லோரிடமும் பிலிம் துண்டு இருக்கும். பியூஸ் போன குண்டு பல்பின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் லென்ஸ். ஒருவன் வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிப்பான். அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக இருட்டறைக்குள் விழும். இன்னொருவன் பல்புக்குப் பின்னால் பிலிமைத் தலைகீழாகப் பிடிப்பான். அப்பாவின் வேட்டியில் எம்.ஜி.ஆர். நிற்பார், கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் ஆடிக்கொண்டு.

அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன? கொட்டகையில் பிலிம் அறுந்தால் ஆபரேட்டர் அறுந்த இரண்டு முனையையும் வெட்டிவிட்டு ஒட்டுவார். வெட்டிய துண்டு ஜன்னல் வழியாக வெளியே வரும், நாங்கள் பொறுக்குவோம். பிலிம் ஓடும்போது கதாநாயகி வாசலிலிருந்து சட்டென்று கட்டிலுக்குத் தாவுவாளே, அந்த இடைவெளி எங்கள் டவுசர் பையில் இருந்தது. ஒரு படம் நூறு ஊர் சுற்றி எங்களிடம் வரும்போது எத்தனை பையில் எத்தனை சட்டம் போயிருக்கும்! நெகடிவைத் தேடிப் போவது ஏன் முக்கியம் என்று எனக்கு விளங்கியது இதை நினைத்தபோதுதான்.

மீட்டெடுத்த தட்டில் பார்ப்பவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? முதலில் இருட்டு. திகில் படத்தில் இருட்டும் ஒரு பாத்திரம். கேசட்டில் இருட்டு என்றால் வெறும் கரி, அல்லது இரைச்சலிடும் நீலம். அந்த இத்தாலியப் படத்தில் நாயகி காரில் சுரங்கப் பாதைகளைக் கடந்து போகும்போதுதான் காட்சிகள் தோன்றத் தொடங்கும். பழைய பிரதியில் அங்கே ஒன்றுமே தெரியாது. படம் நின்றுவிட்டதோ என்று தோன்றும். மீட்டெடுத்த பிரதியில் அவள் முகத்தில் வெளிச்சம் வந்து வந்து போவது தெரிகிறது. ஒவ்வொரு முறை வெளிச்சம் குறையும்போதும் கண் இன்னும் கொஞ்சம் விரிகிறது. பயம் அந்தக் கண்ணில்தான் இருக்கிறது. அது தெரியாமல்தான் பலர் ‘இழுவை’ என்று எழுந்து போனார்கள்.

அடுத்தது நிறம். 1970-களின் வண்ண பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும். மிச்சம் இருப்பது ரோஸ் நிறம். பழைய படம் முழுக்க செம்மண் தூசியில் எடுத்ததுபோல இருப்பது அதனால். இதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். துப்பறியும் கதையில் நிறம் ஒரு தடயம். மேலே சொன்ன சாம்பல் கிண்ணத்தில் கிடப்பது மஞ்சள் தாள் சுற்றிய சிகரெட். வெளுத்த பிரதியில் அது எந்த நிறம் என்றே தெரியாது. தடயம் தெரியாதவருக்குக் கதை புரியாது. ‘எப்படிக் கண்டுபிடித்தாள், லாஜிக்கே இல்லை’ என்று திட்டுவோம்.

மூன்றாவது ஒலி. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாட்டு கேட்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். சினிமா நொடிக்கு 24 சட்டம் ஓடுகிறது. ஆனால் நம் நாட்டு டிவி, கேசட், டிவிடி பெரும்பாலும் ‘பால்’ முறையில் (நொடிக்கு 25 சட்டம் காட்டும் ஒளிபரப்பு முறை) இயங்கின. அதனால் படத்தைக் கேசட்டில் ஏற்றும்போது பொதுவாக நூற்றுக்கு நாலு வீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் ஆறு நிமிடம் குறையும். ஒரு காட்சியும் வெட்டப்பட்டிருக்காது. ஆனால் எல்லாமே அவசரப்படும்.

கூடவே சுருதியும் ஏறும். எவ்வளவு? அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக. ஆர்மோனியத்தில் பக்கத்துக் கட்டைக்குக் கிட்டத்தட்டப் போய்விடும். இளையராஜா எந்தச் சுருதியில் வயலினை நிறுத்தினாரோ அந்தச் சுருதியில் நாம் கேட்கவில்லை. கேசட்டில் கேட்ட வசனம் கொஞ்சம் கீச்சுக் குரலாக இருந்ததற்கும் காரணம் இதுதான். ப்ளூ-ரே தட்டு நொடிக்கு 24 சட்டத்தையே வைத்துக்கொள்ளும். சுருதி ஊருக்குத் திரும்பி வந்துவிடும்.

இத்தாலியப் படத்தில் இது இன்னும் முக்கியம். பெயரிலேயே ஏழு சுரம் இருக்கிறதல்லவா? ஒரு கைக்கடிகாரத்தில் ஒலிக்கும் சின்ன மெட்டு அது. படத்தின் முடிச்சே அதில்தான். பிராங்கோ பிக்சியோ, ஃபாபியோ பிரிட்சி, வின்சே தெம்பெரா மூவரும் போட்ட அந்த இசையை குவென்டின் டாரன்டினோ 2003-ல் ‘கில் பில்’ முதல் பாகத்தில் எடுத்து வைத்தார். இரைச்சல் நீங்கிய பிரதியில், நிசப்தத்துக்கு நடுவில் அந்த மெட்டு தனியாகக் கேட்கும்போது முதுகுத்தண்டு சில்லிடும். பழைய பிரதியில் நிசப்தமே கிடையாது. உஸ்ஸென்று ஒரு இரைச்சல் எப்போதும் இருக்கும்.

‘புதுத் தட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?’ இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு வரும். இல்லை. பிலிமில் படம் பதிவதே மிக நுண்ணிய மணிகளால்தான். இதை ‘கிரெய்ன்’ (பிலிம் மணி) என்பார்கள். நல்ல மீட்டெடுப்பில் அது மெல்லிய மணல்போல அசைந்துகொண்டே இருக்கும். அதை முழுக்கத் துடைத்துவிட்டால் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும். தலைமுடி ஒட்டுப்போட்டதுபோல ஆகும். மணி தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். முகம் வழவழவென்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

‘4கே என்று போட்டிருந்தால் போதுமா?’ போதாது. அது புள்ளிகளின் கணக்கு மட்டும். டிவிடியில் ஒரு படம் 720-க்கு 576 புள்ளி. ப்ளூ-ரேயில் 1920-க்கு 1080. 4கே தட்டில் 3840-க்கு 2160. கேசட்டிலிருந்து எடுத்த படத்தைக்கூட கணினியில் இழுத்து 4கே அளவுக்குப் பெரிதாக்கலாம். இழுத்த சேலை அகலமாகும், நூல் கூடாது. எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. ‘மூல நெகடிவிலிருந்து புதிய ஸ்கேன்’ என்று அட்டையில் தெளிவாக எழுதியிருந்தால் நம்பி வாங்கலாம். வெறுமனே ‘டிஜிட்டல் தரம்’, ‘ரீமாஸ்டர்’ என்று இருந்தால் பொறுங்கள்.

அட்டையில் எதுவும் இல்லையா? படத்தையே கேட்கலாம். சுருள் முடிகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும்; சில நொடி கழித்து இன்னொரு முறை. அடுத்த புரொஜக்டரை ஓட்டு என்று ஆபரேட்டருக்குக் கொடுக்கும் அடையாளம் அது. அந்த வட்டம் தெரிந்தால் பெரும்பாலும் கொட்டகை பிரிண்டிலிருந்து எடுத்தது என்று அர்த்தம். அடுத்து, நாயகியின் நெற்றியோரத்து முடியைப் பாருங்கள். ஒவ்வொரு இழையும் பிரிந்து தெரிகிறதா, ஒரே பட்டையாக இருக்கிறதா? யூடியூபில் ‘4கே’ என்று கிடக்கும் பழைய படங்கள் பலவற்றில் பட்டையாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து தட்டு வரவழைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். தட்டுகளுக்கு எல்லைக் குறி (எந்த நாட்டு இயந்திரத்தில் ஓடும் என்று பூட்டிவைக்கும் குறி) உண்டு. டிவிடியில் இந்தியா 5-ஆம் எண். ப்ளூ-ரேயில் இந்தியா ‘சி’ பகுதி; அமெரிக்கா ‘ஏ’, ஐரோப்பா ‘பி’. லண்டனில் இருக்கும் மருமகன் ஆசையாக வாங்கிவரும் ‘பி’ தட்டு நம் வீட்டு இயந்திரத்தில் ஓடாமல் போகலாம். எனக்கே அப்படி ஆனது. முதல் தட்டு இரண்டு மாதம் ஷோகேஸில் அழகுக்கு இருந்தது. எல்லாப் பகுதிக்கும் ஓடும் பிளேயர் இருந்தால் கவலையில்லை. 4கே அல்ட்ரா எச்டி தட்டுகளுக்கு எல்லைக் குறி கிடையாது. ஆனால் அதற்கென்று தனி பிளேயர் வேண்டும்.

எந்த மொழியில் கேட்பது? அந்தக் கால இத்தாலியப் படங்களில் படப்பிடிப்பின்போது ஒலியைப் பதிந்து வைப்பது வழக்கமில்லை. ஒவ்வொரு நடிகரும் தன் மொழியில் பேசுவார். பிறகு டப்பிங் அறையில் இத்தாலியிலும் ஆங்கிலத்திலும் பேசிச் சேர்ப்பார்கள். நம் படங்களும் அன்றைக்குப் பெரும்பாலும் டப்பிங்கில்தானே முடிந்தன. அதனால் ‘அசல் மொழி எது’ என்று குழம்ப வேண்டாம். உதட்டசைவு எதிலும் முழுசாகப் பொருந்தாது. சப்டைட்டில் படிக்கப் பழகியவர் என்றால் இத்தாலியில் கேளுங்கள். அந்த மொழியின் வேகம் படத்துக்கு அழகு.

இனி வீட்டு டிவி. நல்ல தட்டை வாங்கிவிட்டு டிவியைக் கடையில் இருந்த அமைப்பிலேயே வைத்திருந்தால் பாதிப் பயன் வீண். செட்டிங்கில் ‘விவிட்’ என்றிருக்கும் அமைப்பை மாற்றி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று வையுங்கள். ‘மோஷன்’ என்று தொடங்கும் எதையும் அணைத்துவிடுங்கள். அது 24 சட்டங்களுக்கு இடையில் இல்லாத சட்டங்களைத் தானே உண்டாக்கிப் படத்தை சீரியல்போல ஆக்கிவிடும். படம் பக்கவாட்டில் இழுபட்டு முகம் அகலமாகத் தெரிந்தால் திரை அளவையும் மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். அந்தப் படம் எடுத்த அளவு அதுதான்.

பகலில் பார்க்காதீர்கள். நம் பக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு படம் பார்ப்பது வழக்கம். காற்று வரும், கூடவே தெருவிளக்கும் வரும். ஒரு ராத்திரி ஜன்னலைச் சாத்தி, டியூப் லைட்டை அணைத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் திரை ரொம்ப இருட்டாக இருப்பதுபோலத் தோன்றும். வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். கண் பழகட்டும். பழகிய பிறகு மூலையில் இருந்தது நாற்காலியா ஆளா என்று தெரியத் தொடங்கும். படம் பிடித்தவர் உங்களை அந்த நிலைக்குத்தான் கொண்டுவர நினைத்தார்.

தமிழ்ப் படங்களின் கதி என்ன? 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பித்து வந்தபோது கொட்டகைகள் நிரம்பின. அதைத் தொடர்ந்து ‘பாசமலர்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’, பிறகு ‘நாயகன்’ எல்லாம் வந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் புதுப்பிக்கிறோம் என்று பழைய ஒலியோடு புதிய சத்தங்களைக் கலந்து, ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்துவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அசல் ஒற்றை ஒலியையும் கூடவே வைக்க வேண்டும். வேண்டியவர் வேண்டியதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு குறையும் உண்டு. மீட்டெடுப்புக்குத் தேர்ந்தெடுப்பது பெரிய நட்சத்திரப் படங்களைத்தான். திகில் படம் என்றால் ‘அது சும்மா பயமுறுத்துற படம்’ என்று ஒதுக்குகிறோம். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) படத்தில் வின்சென்ட்டின் கேமரா அந்தப் பாழடைந்த ஜமீன் மாளிகையைக் காட்டிய விதத்துக்கு ஈடாக நம் கறுப்பு வெள்ளைப் படங்களில் கொஞ்சமே இருக்கிறது. இத்தாலிக்காரர்கள் தங்கள் மலிவான கொலைப் படங்களைக்கூடச் சட்டம் சட்டமாகத் துடைத்து எடுத்துவைக்கிறார்கள். 2017-ல் தாரியோ அர்ஜென்தோவின் ‘சுஸ்பீரியா’வை 4கே-யில் மீட்டபோது உலகம் முழுக்கத் திரும்பப் பார்த்தார்கள். ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்துக்கும் ‘நூறாவது நாள்’ படத்துக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும். தேனியில் ஒரு கொட்டகையில் அந்தப் படங்களை நல்ல பிரதியில் திரையிட வேண்டும்.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பரண். கல்யாணக் கேசட்டோ பழைய படக் கேசட்டோ இருந்தால் முதலில் ஜன்னல் போன்ற பகுதி வழியாக உள்ளே பாருங்கள். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகத் திருநீறு தூவியதுபோல இருந்தால் அது பூஞ்சை. கம்பம், கூடலூர்ப் பக்கம் ஆடிச் சாரலில் ஈரம் வீட்டுக்குள் வரும்; தகரக் கூரைக்குக் கீழே கோடையில் வேகும். இரண்டும் சேர்ந்தால் டேப் தாங்காது. பூஞ்சை பிடித்ததை டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். டேப் கிழியலாம்; டெக்கின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அதற்குப் பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

நல்ல கேசட்டுகளை? முழுக்கச் சுற்றி, புத்தகம்போல நிற்கவைத்து, ஸ்பீக்கருக்கும் அடுப்படிக்கும் எட்ட, தரைக்கு மேலே அலமாரியில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு கூடப் போடலாம்.

கேசட்டிலிருந்து கணினியில் ஏற்றிய படத்தை யூடியூபில் போடலாமா? உங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் போடலாம். சினிமாவைப் போடக் கூடாது. நம் நாட்டில் திரைப்படத்துக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1984-ல் வந்த படத்துக்கு 2044 முடியும் வரை உரிமை உண்டு.

டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பம், படப்பெட்டி தூக்கிய குடும்பம், ஆபரேட்டர் குடும்பம் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைய உண்டு. உங்கள் வீட்டில் பிலிம் சுருள் வைத்த தகர டப்பா ஏதாவது இருந்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஊறுகாய்க் காடிபோல நெடி அடித்தால் பிலிம் புளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நோய் பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும், பிரித்து வையுங்கள். சுருளைப் பிரிக்காதீர்கள். காற்றே புகாதபடி பிளாஸ்டிக்கில் கட்டாதீர்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய படம் என்றால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். விளக்கோ பீடியோ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். பிலிமில் உள்ள வெள்ளிக்காகக் கழுவப்பட்டுப் போன படங்கள் எத்தனையோ. புனேயில் 1964-லிருந்து இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் படத்தின் பெயரும் சுருள் எண்ணும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக் கூடவே அனுப்புங்கள்.